குளிசையும் வைரவரும்

இரத்தினசிங்கம் குடியை விட்ட கதையைத் திருகோணமலைத் துறைமுகத்தடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை விடியப்புறம் வைரவர் கனவில் வந்தாராம். நாயை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தாராம். "இனித் தொடாதே" என்றாராம். அன்றிலிருந்து மனுசன் தொடவேயில்லையாம். நாய் இந்தக் கதைக்குள் பிறகுதான் வந்து சேர்ந்தது. முதல் ஆறு மாதம் வைரவர் நாயில்லாமல்தான் வந்து போனார். இந்தக் கணக்கெல்லாம் புஸ்பராணிக்கு நன்றாகத் தெரியும். அவள் இரத்தினசிங்கத்தின் பெண்சாதி. கனவு வந்ததாகச் சொல்லப்படும் அந்த விடியப்புறத்தில் பக்கத்தில் படுத்திருந்து அவருடைய குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தவள்.

புஸ்பராணி பிறந்தது உப்புவெளியில். தகப்பன் தபால் கந்தோரில் வேலை செய்தவர். படித்து நேர்ஸாக வரவேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. விண்ணப்பம் போட்ட வருசம் எண்பத்துமூன்று. அந்த வருசக் கலவரத்தில் எரிந்துபோனவற்றில் அவளுடைய விண்ணப்பமும் ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த வருசமே கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை, மாதம் முடிந்தால் சம்பளம், பென்சனும் உண்டு என்றார்கள். அவரைப் பற்றிச் சொல்வதற்கு அவர்களிடம் அவ்வளவுதான் இருந்தது. இருபது வருசம் கழித்து யோசித்துப் பார்த்தபோதும் அதற்கு மேல் சொல்ல அவளுக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

துறைமுகத்தில் அவருடைய வேலை கயிறு பிடிப்பது. கப்பல் கரைக்கு வந்தால் அதிலிருந்து கயிறு எறிவார்கள். அதை இழுத்து எடுத்து, கரையில் நட்டிருக்கும் இரும்புக் கட்டையில் மாட்ட வேண்டும். பாரமான வேலைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொல்லும்போது, அவர் மட்டும் அன்றைக்கு லீவு போட்டிருந்தால் அத்தனை கப்பலும் வழி தெரியாமல் பர்மாவுக்குப் போயிருக்கும் என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள்.

குடிப்பதற்கு அவருக்கு நாட்டில் நடந்த சண்டை நல்ல வசதியாக இருந்தது. செல் விழுந்தால் பயத்துக்குக் குடித்தார். விழாவிட்டால் எப்போது விழுமோ என்ற யோசனைக்குக் குடித்தார். ஊரடங்கு தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டுமென்று அவசரமாகக் குடித்தார். தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது, வீட்டை விட்டு வந்த கவலைக்குக் குடித்தார். திரும்பிப் போனபோது வீடு நின்ற சந்தோசத்துக்குக் குடித்தார். சண்டையால் குடித்தோம் என்று சொல்லும் ஆம்பிளைகளை வரிசையில் விட்டால் கோணேசர் கோயிலடியில் தொடங்கி நிலாவெளி வரைக்கும் போகும். அதே சண்டைக்குள் நின்றுதான் அவர்களுடைய பெண்சாதிமார் விறகு தேடிச் சோறு சமைத்தார்கள். அவர்களுக்கு ஒரு காரணமும் தேவைப்படவில்லை.

ஒரே மகளைப் படிக்க மட்டக்களப்புக்கு அனுப்பியதும், புஸ்பராணி மெயின் வீதியில் மஹ்ரூப் நடத்திய பாமசியில் வேலைக்குப் போனாள். மஹ்ரூப் கிண்ணியாக்காரர். அதிகம் கதைக்காத மனிதர். கதைத்தால் வேலையைப் பற்றித்தான் கதைப்பார். நேர்ஸாக வராத பொம்பிளைக்கு மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நிற்பது ஓரளவு ஆறுதலாக இருந்தது. எந்தக் குளிசை எதற்கு, எதை எதோடு எடுக்கக்கூடாது என்று இரண்டு வருசத்துக்குள் மஹ்ரூப்பைக் கேட்காமலே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்று ஒன்று வந்தது. அந்தச் சந்தோசத்தில் இரத்தினசிங்கம் வேலை நேரத்திலேயே குடித்துவிட்டுக் கயிற்றோடு சேர்ந்து தண்ணீருக்குள் விழுந்தார். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு ஆள் விழுந்தால் நசிந்து போவதுதான் வழக்கம். அன்றைக்குக் கப்பல் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றது, அவர் பிழைத்தார். இன்னொரு முறை வெறியில் வந்தால் வேலை இல்லை, பென்சனும் இல்லை என்று மேலதிகாரி கடிதம் கொடுத்தார். கடிதத்தைக் கண்டதும் மனுசனுக்கு உடம்பு நடுங்கியது. கடலுக்குள் விழுந்தபோது நடுங்கவில்லை.

பாதை திறந்த அந்த நாட்களில் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து மஹ்ரூப்பின் பாமசிக்குப் பின்னால் இருந்த அறையில் ஆட்களைப் பார்த்தார். மன வைத்தியர். அதைப் பலகையில் எழுதினால் ஒருத்தரும் உள்ளே வரமாட்டார்கள் என்பதால் வெறுமனே டொக்டர் என்று போட்டிருந்தார்கள். புஸ்பராணி மனுசனைப் பின்வழியால் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் ஈரலுக்கு இரத்தம் சோதித்தார். நோவுக்கு ஏதும் பலமான மருந்து எடுக்கிறாரா என்று கேட்டார், இல்லை என்று தெரிந்த பிறகு நல்ட்ரெக்ஸோன் என்று ஒரு குளிசை எழுதினார். நாளுக்கு ஒன்று.

இது பயமுறுத்துகிற மருந்து இல்லை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். இதை எடுத்துவிட்டுக் குடித்தால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வராது, நெஞ்சு அடிக்காது. குடித்தால் மூளைக்குள் ஒரு சுகம் போய் உட்காருகிற இடம் இருக்கிறது. பஸ்ஸில் லேஞ்சியைப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரி இந்தக் குளிசை அந்த இடத்தை முதலே பிடித்து வைத்துக்கொள்ளும். சாராயம் உள்ளே போகும், ஆனால் எதற்காகக் குடித்தோமோ அது கிடைக்காது. கிடைக்காமல் போகப் போக ஆசையும் குறைந்துவிடும். கொழும்பில் ஹெரோயின் தூள் அடிக்கிறவர்களுக்கும், அவர்கள் அதை விட்டு உடம்பு தெளிந்த பிறகு, திரும்பப் போகாமல் இருக்க இதையே கொடுக்கிறோம் என்று டொக்டர் சேர்த்துச் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பிறகு ஒரு சின்ன அட்டையை எழுதிக் கையில் கொடுத்தார். எங்கேயாவது அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் இதைக் காட்ட வேண்டும். பெரிய நோவுக்குப் போடும் மோர்பின் ஊசி உட்காருவதும் அதே இடத்தில்தான். குளிசை அங்கே இருக்கும்வரை ஊசி வேலை செய்யாது. வேறு மருந்து இருக்கிறது, ஆனால் பார்க்கிற டொக்டருக்கு விசயம் தெரிய வேண்டும். மஹ்ரூப்பும் அவளைத் தனியே கூப்பிட்டு, "அந்தக் காட் அவர்ர சட்டைப் பைக்குள்ள எப்பவும் இருக்கோணும், ராணி. மறந்திடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இரத்தினசிங்கம் அட்டையைத் தூக்கி மேசையில் போட்டார். தூள்காரனுக்குக் கொடுக்கிற குளிசையையா தனக்குத் தந்தார்கள் என்று குதித்தார். பத்து வருசம் தெருவில் விழுந்து கிடந்தபோது வராத மானம் ஒரு துண்டு மட்டையைக் கண்டதும் வந்துவிட்டது. பென்சனை நினைத்துக் குளிசையை மட்டும் விழுங்க ஒப்புக்கொண்டார், அதையும் ஒரு பழைய விற்றமின் போத்தலுக்குள் கொட்டி வைத்தார். அட்டை அலுமாரிக்குள் சீலைகளுக்கு அடியில் போனது.

குளிசை தன் வேலையைச் செய்தது. மூன்றாவது கிழமை அவர் தவறணையில் சண்டை பிடித்தார், சாராயத்தில் தண்ணீர் கலக்கிறார்களாம். வேறு தவறணைக்குப் போனார், அங்கேயும் கலப்படம். திருகோணமலை முழுவதும் தன்னை ஏமாற்றுகிறது என்று ஒரு மாதம் திட்டித் திரிந்தார். பிறகு அரைக் கிளாசை அப்படியே வைத்துவிட்டு வரத் தொடங்கினார். நாலாவது மாதம் போகவேயில்லை. கை நடுக்கம் நின்றது, முகத்தில் தசை பிடித்தது, சட்டையின் பொத்தான்களைத் தானே சரியாகப் பூட்டினார். புஸ்பராணிக்கு அந்த நாட்களில் உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

அந்தச் சந்தோசத்தைக் கெடுத்தது அருளம்பலம். அருளம்பலம் ஓய்வுபெற்ற கிராம சேவகர், துறைமுக வீதி முடக்கில் இருக்கும் சின்ன வைரவர் கோயிலுக்குத் தலைவர். கோயிலுக்குக் கோபுரம் இல்லாவிட்டாலும் ஒலிபெருக்கி இருந்தது, ஒலிபெருக்கிக்கு முன்னால் எப்போதும் அருளம்பலம் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு, எல்லாரும் வடைக்காக நிற்கும்போது, எப்படி விட்டனீர் என்று அவர் இரத்தினசிங்கத்தைக் கேட்டார். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். இரத்தினசிங்கத்தை அவ்வளவு பேர் மரியாதையாகப் பார்த்தது அதுவே முதல்முறை. அவர் மூலஸ்தானத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு சொன்னார்:

"வைரவர் கனவில வந்தவர்."

வடைத் தட்டோடு நின்ற புஸ்பராணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகக் கேட்கவேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அடுத்த வெள்ளியே அருளம்பலம் அதை ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்.

அதிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் குடிகாரர் வந்து தேங்காய் உடைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். இரத்தினசிங்கம் அவர்களுடைய வலது கையில் கறுப்பு நூல் கட்டுவார். நாற்பத்தொரு நாள் ஒருநேரச் சாப்பாடு. சல்லிக் கிராமத்திலிருந்து மீன்பிடிகாரர் வந்தார்கள், வெருகல் பக்கமிருந்து கூட இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கிழமையில் நூலை அறுத்துவிட்டுத் தவறணைக்குப் போனவர்கள்தான் அதிகம். அப்படிப் போனவர்களைப் பற்றி இரத்தினசிங்கம் ஒலிபெருக்கியில் பேசினார். நம்பிக்கை போதாது, மனதில் உறுதி இல்லை, தன்னைப் பார்க்கவேண்டும் என்றார். காலை ஆறு மணிக்குக் குசினிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குளிசையை விழுங்கிவிட்டு, அதன் மேல் பிளேன்ரீ குடித்து, அதன் மேல் திருநீறு பூசிய வாய்தான் அப்படிப் பேசியது.

புஸ்பராணி ஏன் பேசாமல் இருந்தாள் என்று கேட்டால், மனுசன் மிரட்டினார் என்று சொல்லிவிடலாம். அது பாதிதான் உண்மை. இருபது வருசமாக ஒரு கலியாண வீட்டுக்கும் அவளை ஒழுங்காகக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் மனுசனை விட்டுவிட்டு வா என்றார்கள். இப்போது கோயிலில் அவளுக்கு முன்வரிசை. பெண்கள் அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அது பிழை என்று அவளுக்குத் தெரியும், பிடித்தும் இருந்தது. மனுசனை நினைத்து மூக்கைச் சுளித்துக்கொண்டே அந்த முன்வரிசையில் போய் இருந்தாள்.

பக்கத்து ஒழுங்கையில் நல்லம்மா இருந்தாள். காலையில் இடியப்பம் அவித்து விற்கிறவள். அவளுடைய புருசன் கனகசுந்தரம் மேசன், அவர் கட்டிய மதில் ஒன்றும் துறைமுகத்தடியில் இதுவரை சரிந்ததில்லை. வெறி இல்லாத நேரத்தில் தங்கமான மனிதர். கசிப்புச் சாராயம் உள்ளே போனால் எங்கே விழுந்தார் என்று நல்லம்மா ரோர்ச் லைட்டோடு தேட வேண்டும். மூன்று முறை கனகசுந்தரம் நூல் கட்டினார். ஒவ்வொரு முறையும் ஒருநேரச் சோற்றோடு கிடந்து, நாலாம் நாள் உடம்பு உதறி, ஐந்தாம் நாள் நூலைத் தானே அறுத்தார். அறுக்கும்போது அழுதாராம். மூன்றாவது முறைக்குப் பிறகு அவருடைய பெயரைச் சொல்லியே இரத்தினசிங்கம் ஒலிபெருக்கியில் பேசினார்.

ஒரு நாள் நல்லம்மா படலையடிக்கு வந்து புஸ்பராணியைக் கூப்பிட்டாள்.

"உங்கட மனுசன் வேற என்ன செய்தவர், ராணியக்கா? எங்கட ஆள் மனசார விரும்பித்தான் கட்டினவர். நூலைத் தவிர ஏதும் இருந்தால் எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

உள்ளே சாய்மனைக் கதிரையில் இரத்தினசிங்கம் பேப்பரைக் கீழே இறக்கினார். புஸ்பராணிக்கு நாக்கு நுனிவரை வந்தது. வருகிற சனிக்கிழமை பாமசிக்குப் பின்வழியால் அவரைக் கூட்டிக்கொண்டு வா என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அவள் சொன்னது வேறு. விரதத்தைச் சரியாகப் பிடிக்கச் சொல்லுங்கோ என்றாள். நல்லம்மா தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் பெரிய கதை நடந்தது. கனகசுந்தரத்தை டொக்டரிடம் அனுப்பப் போகிறேன் என்றாள் புஸ்பராணி. இரத்தினசிங்கம் பாய்ந்து விழுந்தார். அவனுக்குக் குளிசை கிடைத்தால் அடுத்த வெள்ளிக்குள் அவன் பெண்சாதி ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள், பிறகு தான் எப்படிக் கோயில் படி ஏறுவது என்றார்.

"உங்கட முகம் பெரிசோ, அந்த ஆளின்ர உயிர் பெரிசோ?" என்று கேட்டாள் அவள்.

மனுசன் அதற்கு யோசித்தார். உட்கார்ந்து, நாடியைத் தடவி, நிதானமாக யோசித்தார். அந்த யோசிப்பை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கடைசியில், எல்லாத்தையும் வைரவர் பார்த்துக்கொள்ளுவார் என்றார். த்தூ என்று துப்ப வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. துப்பவில்லை. மறுநாள் காலையில் ஆறு மணிக்குக் குளிசையை எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சனிக்கிழமை வந்தது, அடுத்த மாதச் சனிக்கிழமையும் வந்தது, டொக்டர் வந்து போனார். அவள் நல்லம்மாவிடம் போகவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தாள். அப்படியே இரண்டு வருசம் ஓடியது.

இரண்டாயிரத்து ஆறில் சமாதானம் போய்ச் சேர்ந்தது. டொக்டர் வருவது நின்றது. மஹ்ரூப் எப்படியோ கொழும்பில் அதே டொக்டரைப் பிடித்து, மருந்துத் துண்டு எழுதுவித்து, மருந்து லொறியில் இரத்தினசிங்கத்துக்கு வேண்டியதை எடுப்பித்துக்கொண்டிருந்தார். தெருவுக்குத் தெரு ஆமிச் சென்றி, நினைத்த நேரத்தில் பாதைகளை மூடினார்கள். வைரவர் கோயிலில் கூட்டம் இன்னும் கூடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிபோல வீதியோரம் வைத்திருந்த கிளைமோர் குண்டு ஒன்று வெடித்தது. அது நேவி ட்ரக்குக்கு வைத்தது. ட்ரக் தாண்டிப் போன பிறகு வெடித்து, சைக்கிளில் வந்த இரத்தினசிங்கத்தையும் இன்னும் எட்டுப் பேரையும் தூக்கிப் போட்டது. புஸ்பராணி பாமசியிலிருந்து ஓடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மனுசனைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். இடது காலின் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது, தொடையில் இரும்புத் துண்டுகள். காயக்காரர் கூடிப்போனதால் அன்றைக்கு எந்த வார்ட் என்று பார்க்காமல் கட்டில் இருந்த இடத்தில் எல்லாம் போட்டிருந்தார்கள். மூன்று கட்டில் தள்ளி கனகசுந்தரம் கிடந்தார், வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, இரத்தமாகச் சத்தி எடுத்து நாலு நாளாக. நல்லம்மா அவருடைய கால்மாட்டில் இருந்தாள்.

இரத்தினசிங்கம் கத்திய கத்து வார்ட் முழுவதும் கேட்டது. டொக்டர் லைலா என்று ஒரு இளம் பெண், கிண்ணியாப் பிள்ளை, மோர்பின் போட்டாள். மற்றக் காயக்காரரெல்லாம் ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் அடங்கினார்கள். இவர் அடங்கவில்லை. இரண்டாவது முறை போட்டாள். அதுவும் தண்ணீர் போட்டதுபோலத்தான். அவளுடைய முகம் மாறியது. இவர் ஏதும் மருந்து எடுக்கிறவரா, வேறு பழக்கம் ஏதும் உண்டா என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டாள்.

சுற்றி நின்றது கோயில் கூட்டம். செய்தி கேட்டு அருளம்பலம் திருநீறு மடித்த சரையோடு ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் நெஞ்சை நிமிர்த்தினார். இவர் ஒரு பனடோல் கூடத் தொடாத மனுசன், வைரவரின் ஆள் என்று டொக்டருக்குச் சொன்னார். அந்தப் பிள்ளை கட்டிலுக்குக் குனிந்து இரத்தினசிங்கத்தையே கேட்டாள். புஸ்பராணி தலைமாட்டில் நின்றாள். நோவில் அவருடைய பல்லுக் கிட்டியிருந்தது, வேர்வை காதுக்குள் ஓடியது. கண் மட்டும் தெளிவாக அவளைப் பார்த்தது. வேண்டாம் என்று தலையை அசைத்தார். பிறகு டொக்டரிடம் சொன்னார்:

"ஒண்டும் எடுக்கிறேல்லை."

ஒரு பல்லுக் கொதிக்கு ஊரைக் கூட்டுகிற மனுசன், எலும்பு வெளியில் நிற்கிற காலோடு இதைச் சொல்கிறாரே என்று புஸ்பராணிக்கு இருந்தது. இருபத்திரண்டு வருசத்தில் அவர் காட்டிய ஒரே உறுதி இதுதான். அதையும் எதற்காகக் காட்டினார்? ஒரு ஒலிபெருக்கிக்காக. டொக்டர் மூன்றாவது ஊசிக்கு மருந்தை இன்னும் கூட்டி எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அதைப் போடாதேங்கோ, டொக்டர்," என்றாள் புஸ்பராணி. "இவர் நல்ட்ரெக்ஸோன் எடுக்கிறவர். குடியை விடுகிறதுக்கு. நாலு வருசமா எடுக்கிறார், இண்டைக்குக் காலமை ஆறு மணிக்கும் நான்தான் குடுத்தனான்."

டொக்டர் நிமிர்ந்து எத்தனை மில்லிகிராம் என்று கேட்டாள். ஐம்பது என்றாள் புஸ்பராணி. அந்தப் பிள்ளை யாரையும் ஏசவில்லை. ஏச அவளுக்கு நேரமில்லை. மோர்பினை நிறுத்தி, மயக்க மருந்து டொக்டரைக் கூப்பிட்டு, இடுப்புக்குக் கீழே விறைக்க ஊசி போட ஏற்பாடு செய்தாள். தெரியாமல் கூட்டிக் கூட்டிப் போட்டு, அது ஒரேயடியாகப் பிடித்திருந்தால் மூச்சு நின்றிருக்கும் என்று மட்டும் சொன்னாள். முதுகில் ஊசி போட்டுக் கால்மணி நேரத்தில் இரத்தினசிங்கத்தின் சத்தம் நின்றது.

கோயில் கூட்டத்தில் ஒருவரும் ஒருவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேர் தங்கள் கையில் இருந்த கறுப்பு நூலைப் பார்த்தார்கள். அருளம்பலம் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். கிராம சேவகராக முப்பது வருசம் இருந்த மனிதருக்கு எதையும் சமாளிக்கத் தெரியும். அந்தக் குளிசைக்கு வழி காட்டினதும் வைரவர்தானே என்றார். நாலு பேர் உடனே தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் திருநீற்றைக் கட்டில் தலைப்பில் வைத்துவிட்டுக் கலைந்து போனார்கள். போகும்போது அவர்களில் ஒருவன், இதெல்லாம் ஆக்களுக்கு முன்னால் சொல்லுற கதையோ என்று அவளுக்குக் கேட்கும்படியாகவே சொன்னான்.

நோவு நின்றதும் இரத்தினசிங்கம் கண்ணைத் திறந்தார். உயிரைக் காப்பாற்றினாய் என்று சொல்வார் என்றெல்லாம் அவள் எதிர்பார்க்கவில்லை. கால் இருக்கிறதா என்றாவது கேட்பார் என்று நினைத்தாள். அவர் வார்ட் வாசலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அவையள் போயிட்டினமோ?" என்று கேட்டார்.

அவரை ஒபரேசனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை புஸ்பராணி தலைமாட்டில் நின்றாள். தள்ளுவண்டி கதவுக்குள் போனதும் அப்பாடா என்று இருந்தது. இனி மூடி மறைக்க ஒன்றுமில்லை, இந்த ஆளைப் பற்றி ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், தன் பங்கு தீர்ந்தது என்று நினைத்தாள். செய்யவேண்டியதைச் செய்துவிட்ட பொம்பிளையாக நிமிர்ந்து திரும்பினாள்.

நல்லம்மா அவளுக்குப் பின்னால் நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அதற்கிடையில் டொக்டர் லைலாவைப் பிடித்துக் கேட்டும் இருந்தாள், அந்தக் குளிசையைத் தன் ஆளுக்கு இப்போது கொடுக்கலாமோ என்று. ஈரல் முழுவதும் போய்விட்டது, இனி அந்தக் குளிசையை அது தாங்காது, முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அந்தப் பிள்ளை பக்குவமாகச் சொல்லியிருக்கிறாள். நல்லம்மா அழவில்லை. சத்தம் போடவுமில்லை. இடியப்பத் தட்டு விலை சொல்கிற அதே குரலில் கேட்டாள்.

"அந்தக் குளிசை நீங்கள் நிக்கிற கடையிலயோ இருந்தது?"

"ஓம்."

"நான் படலையடிக்கு வந்து கேட்ட அண்டைக்கும் இருந்ததோ?"

"இருந்தது, நல்லம்மா. அவர்தான் சொல்ல விடேல்லை. ஊருக்குத் தெரிஞ்சிடும் எண்டு..."

"படலையடியில கேட்ட அண்டைக்குத்தான் உங்கட மனுசன் இருந்தவர்," என்றாள் நல்லம்மா. "கடையில அவர் இல்லையே. கிழமைக்கு ரெண்டு தரம் நான் அங்க வந்தனான், இவருக்குச் சத்திக்கும் வயித்து நோவுக்கும் மருந்து வாங்க. நீங்கள்தான் எடுத்துச் சுத்தித் தந்தனீங்கள். ஒவ்வொருக்காவும், வேற ஏதும் வேணுமோ எண்டும் கேட்டனீங்கள்."

நல்லம்மா பதிலுக்குக் காத்து நிற்கவில்லை. கனகசுந்தரம் திரும்பவும் ஓங்காளிக்கத் தொடங்கியிருந்தார், அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு அவரிடம் போய்விட்டாள்.